பிந்தி வந்தோர் கொப்பி

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு நிகழ்வுகளின்போது, பெற்றோருக்கும் மேல்வகுப்பு மாணவிகளுக்குமாக நடந்த கருத்தரங்கில் வாசிக்கப்பட்ட உரை. ஒரே வகுப்பில் படித்த மூவர் சேர்ந்து எழுதியது.)



மூவர் எழுதி ஒருவர் வாசிக்கும் உரை இது. எங்களில் ஒருவர் சிறுவர் வைத்தியத்தில் வேலை செய்தவர். ஒருவர் கணித ஆசிரியை. மற்றவர் மூன்று பிள்ளைகளை வளர்த்த தாய். யார் எதை எழுதினோம் என்று பிரித்துச் சொல்லப் போவதில்லை. 'நாங்கள்' என்றே பேசுவோம். சொல்ல வந்த விஷயத்தில் மூவருக்கும் ஒரே பங்குதான் இருக்கிறது.

1990களின் தொடக்கத்தில் நாங்கள் மூவரும் மாணவத் தலைவிகளாக இருந்தோம். காலையில் மணி அடித்ததும் வாசலில் ஒரு மேசை போட்டு, நீல மட்டை போட்ட சீ.ஆர். கொப்பி ஒன்றை விரித்து வைத்துக்கொண்டு நிற்போம். பிந்தி வருபவர்களின் பெயர், வகுப்பு, காரணம் மூன்றையும் அதில் எழுதவேண்டும். பாதிப்பேர் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் மாறி வருகிற பிள்ளைகள். அந்தக் காலத்துக் கொழும்பில் வழியில் சோதனைச் சாவடி மறித்தால் யாரும் பிந்தலாம். அது எங்களுக்கும் தெரியும். ஆகவே பெயரை எழுதி, 'பஸ்' என்று காரணம் போட்டு விட்டுவிடுவோம்.

ஒருத்தியின் பெயர் மட்டும் ஒவ்வொரு பக்கத்திலும் இருந்தது. எங்கள் வகுப்புத்தான். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் வீடு. அவளுக்கு முன்னால் 100, 101 இரண்டும் வந்து நிற்கும். பஸ்ஸைக் காரணம் காட்ட வழியே இல்லை. "ஏன் பிந்தினாய்?" என்று கேட்டால், "தெரியாது" என்பாள். அந்தப் பதில் எங்களுக்குத் திமிராகப் பட்டது. கொப்பியில் 'காரணம் இல்லை' என்று எழுதினோம். இன்றைக்கு யோசித்தால், அந்தக் கொப்பியில் எழுதப்பட்ட காரணங்களில் உண்மையானது அது ஒன்றாகத்தான் இருக்கும். அவளுக்கு உண்மையிலேயே தெரியாது.

வகுப்பில் அவள் குழப்படி செய்ததே இல்லை. ஜன்னல் பக்கத்தில் இருப்பாள். ரீச்சர் கேள்வி கேட்டால் எழும்பி நின்று, கேள்வியைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்பாள். கட்டுரை எழுதச் சொன்னால் முதல் பக்கம் எங்கள் எல்லோரையும்விட நன்றாக இருக்கும், இரண்டாம் பக்கம் இருக்காது. தண்ணீர்ப் போத்தல், குடை, கொம்பாஸ் பெட்டி எல்லாம் தவணைக்கு ஒன்றாகத் தொலையும். ரிப்போட்டில் 'கெட்டிக்காரி, ஆனால் முயற்சி போதாது' என்று வருடாவருடம் எழுதப்பட்டது. வீட்டில் 'பஞ்சி பிடிச்சவள்' என்றார்கள். நாங்கள் 'யோசினை ராணி' என்று பட்டப்பெயர் வைத்தோம். அன்பாகத்தான் வைத்தோம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஒரு மாலை ரியூசன் முடிந்து வரும்போது சோதனைச் சாவடியில் அடையாள அட்டை கேட்டார்கள். நாங்கள் கொடுத்தோம். அவளிடம் இல்லை. முந்தைய நாள் வேறொரு பையில் வைத்திருக்கிறாள். அந்தக் காலத்தில் ஒரு தமிழ்ப்பிள்ளை அடையாள அட்டையை மறப்பது குடையை மறப்பதுபோல் இல்லை என்பதை இங்கே இருப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. எங்களைப் போகச் சொன்னார்கள், அவளை நிற்கச் சொன்னார்கள். அப்பா அட்டையோடு வந்து கூட்டிக்கொண்டு போகும்போது இருட்டிவிட்டது. அன்றிரவு வீட்டில் அடி விழுந்தது என்று அடுத்த நாள் கையைப் பார்த்தபோது தெரிந்தது. நாங்கள் என்ன சொன்னோம் தெரியுமா? "எவ்வளவு சொன்னாலும் உனக்கு மண்டைக்குள்ள ஏறாதோ?" என்று கேட்டோம்.

சாதாரண தரத்தோடு அவள் படிப்பை விட்டாள். பிறகு கனடா போனாள். இப்போது ஸ்காபரோவில் இருக்கிறாள். அவளிடம் கேட்டு, அவள் சம்மதத்தோடுதான் இதையெல்லாம் சொல்கிறோம். பெயரைச் சொல்லவேண்டாம் என்றாள். ஆனால் கொப்பியைப் பற்றிக் கட்டாயம் சொல்லச் சொன்னாள்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் வகுப்பு வட்சப் குழுவில் இரவில் நீளமாக ஒரு செய்தி போட்டிருந்தாள். மகளுக்குப் பதினான்கு வயது. வகுப்பில் கவனம் இல்லை, வேலை முடிப்பதில்லை என்று பாடசாலை கவலைப்பட்டு, ஒரு வைத்தியரிடம் அனுப்பியிருக்கிறது. அங்கே தாய் நிரப்பவேண்டிய படிவம் ஒன்று கொடுத்தார்களாம். 'அடிக்கடி பொருட்களைத் தொலைப்பாரா, தொடங்கிய வேலையை முடிக்காமல் விடுவாரா, நேரே பேசும்போதும் கேட்காததுபோல் இருப்பாரா' என்று வரிசையாகக் கேள்விகள். "மகளுக்கெண்டு நிரப்பத் தொடங்கினன். பாதியில பேனையை வைச்சிட்டு அழுதன். அது என்ரை ரிப்போட்" என்று எழுதியிருந்தாள்.

அன்றிரவு எங்களில் யாருக்கும் நித்திரை வரவில்லை. இந்த உரை அந்த இரவிலிருந்துதான் வருகிறது.

ஏ.டி.எச்.டி. என்ற எழுத்துகளை இப்போது எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். தமிழில் கவனக்குறைவு மிகைச் செயற்பாட்டுக் குறைபாடு என்கிறோம். பெயர் நீளம். அத்தோடு 'மிகைச் செயற்பாடு' என்ற சொல்லைக் கேட்டதும் கதிரைமேல் ஏறி நிற்கும் ஒரு ஆண்பிள்ளைதான் மனதில் வருவான். அப்படியான பிள்ளைகளும் உண்டு. ஆனால் துடியாட்டம் எதுவும் இல்லாமல் கவனச் சிக்கல் மட்டும் உள்ள வகையும் உண்டு. இரண்டும் கலந்த வகையும் உண்டு. 1902இல் லண்டனில் ஜோர்ஜ் ஸ்ரில் என்ற சிறுவர் வைத்தியர் 43 பிள்ளைகளைப் பற்றிப் பேசிய விரிவுரைகளிலிருந்துதான் இந்தச் சிக்கலின் மருத்துவ வரலாற்றைப் பலர் தொடங்குவார்கள். 1968இல் அமெரிக்க உளமருத்துவர்களின் கைநூல் இதற்கு வைத்த பெயரில் அசைவு மட்டுமே இருந்தது, கவனம் இல்லை. துடியாட்டம் இல்லாமலும் கவனக்குறைவு இருக்கலாம் என்று அந்தக் கைநூல் ஒத்துக்கொண்டது 1980இல். எங்கள் தோழி அப்போது முதலாம் வகுப்புப் பிள்ளை. அந்தச் செய்தி கொழும்பில் ஒரு வகுப்பறை ஜன்னலுக்கு வந்து சேர நாற்பது வருடம் எடுத்திருக்கிறது.

உலகளவில் பிள்ளைகளில் நூற்றுக்கு ஐந்து பேரளவில் இது இருப்பதாக ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் இரண்டு பேர். உங்கள் வகுப்புக் குழுப்படத்தை எடுத்துப் பாருங்கள். சிகிச்சைக்குக் கொண்டுவரப்படுவோரில் ஆண்பிள்ளைகள்தான் அதிகம். அதற்கு ஒரு காரணம், கதிரையைத் தள்ளி விழுத்துகிறவனை யாரும் கவனிப்பார்கள், ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பவளை யாரும் கவனிக்கமாட்டார்கள். பெண்பிள்ளைக்கு 'அமைதியானவள்' என்ற நல்ல பெயர் வேறு கிடைத்துவிடும். பதின்ம வயதில் பாடங்கள் ஒன்பதாகப் பெருகி, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆசிரியை, ஒரு கொப்பி, ஒரு திகதி என்று வரும்போதுதான் அவள் சரியத் தொடங்குவாள். அதுவரை தாய் பின்னால் ஓடி ஓடிச் சமாளித்திருப்பாள்.

இது வளர்ப்புப் பிழையோ என்று தாய்மார் கேட்கிறார்கள். இல்லை. இரட்டைப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வுகள் பிள்ளைக்குப் பிள்ளை தெரியும் வித்தியாசத்தில் 70 முதல் 80 வீதம் வரை பரம்பரையால் வருவது என்கின்றன. எங்கள் உயரம்போல, இதுவும் குடும்பத்தில் ஓடுவது. சீனி கூடச் சாப்பிட்டதால் வருவதும் இல்லை, அதையும் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். இன்னொரு கேள்வி எப்போதும் வரும்: "மூன்று மணித்தியாலம் அசையாமல் இருந்து படம் பார்க்கிறாள், அப்ப கவனம் இருக்குத்தானே?" இருக்கிறது. கவனம் இல்லாத பிள்ளை அல்ல இது. கவனத்தைத் தான் நினைத்த இடத்துக்குத் திருப்பமுடியாத பிள்ளை. பிடித்த விஷயம் அவளை இழுத்துக்கொண்டு போகும், பிடிக்காத விஷயத்துக்கு அவள் தன்னைத்தானே இழுத்துக்கொண்டு போகவேண்டும். அந்தக் கயிறுதான் மெல்லியது.

எங்கள் தோழி இதை வேறுவிதமாகச் சொல்வாள். "எனக்கு நேரத்தில இரண்டே இரண்டு தான்: இப்ப, இப்ப இல்லை." ஆறரைக்கு வெளிக்கிட வேண்டுமென்றால் ஆறே கால் 'இப்ப இல்லை'. ஆறு முப்பத்தைந்துதான் 'இப்ப'.

இனி, இன்றைய பிள்ளையின் ஒருநாளைப் பார்ப்போம். ஐந்தரைக்கு எழும்பவேண்டும். ஆறே காலுக்கு வான் வரும். ஏழரைக்குப் பாடசாலை, ஒன்றரைக்கு முடியும். வீட்டுக்கு வந்து சாப்பிட்ட கையோடு ரியூசன். வெள்ளவத்தையில் பின்னேரம் ஐந்து மணிக்கு நின்று பாருங்கள், ஒரு வகுப்பு விட்டு இன்னொரு வகுப்புக்கு ஓடும் பிள்ளைகளால் ஒழுங்கைகள் நிறைந்திருக்கும். கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதிப் பக்கமும் அப்படித்தான். இரவு எட்டு மணிக்கு வீடு. அதன்பிறகு வீட்டுவேலை, அதன்பிறகு கைத்தொலைபேசி, பன்னிரண்டு மணிக்கு நித்திரை. எந்தக் குறைபாடும் இல்லாத பிள்ளையே இந்த நேரசூசியில் தடுமாறும். கவனச் சிக்கல் உள்ள பிள்ளைக்கு இதில் ஒவ்வொரு மாற்றமும் ஒரு பொறி. உடுப்பு மாற்றுவது ஒன்று, பை மாற்றுவது ஒன்று, இயற்பியல் மூளையை விட்டு வரலாற்று மூளைக்குப் போவது ஒன்று. புள்ளி குறைந்ததும் நாங்கள் செய்வது என்ன? இன்னொரு ரியூசன் சேர்க்கிறோம். கணித ஆசிரியை என்ற முறையில் சொல்கிறோம், ஒன்றைச் சேர்க்குமுன் இரண்டைக் கழித்துப் பாருங்கள்.

வீட்டில் செய்யக்கூடியவற்றில் எங்களுக்குப் பலித்தவை சிறிய விஷயங்கள்தான். வெளிக்கதவுக்குப் பக்கத்தில் ஒரு கூடை. திறப்பு, பஸ் காசு, கண்ணாடி, அடையாள அட்டை நான்கும் அதில்தான், வேறெங்கும் இல்லை. பை இரவே கட்டிக் கதவடியில் வைக்கப்படும். சுவரில் முள் ஓடுகிற கடிகாரம் வேண்டும், தொலைபேசியில் தெரியும் இலக்கம் வேண்டாம். நேரம் குறைவதைக் கண்ணால் பார்த்தால்தான் இந்தப் பிள்ளைக்கு அது நேரம். "போய் முகம் கழுவி, சீருடை மடிச்சு வைச்சு, விஞ்ஞானம் முடிச்சிட்டு வா" என்றால் முகம் கழுவுவதோடு நின்றுவிடும். ஒன்றைச் சொல்லி, அது முடிந்தபின் அடுத்ததைச் சொல்லவேண்டும். இருபது நிமிடம் படித்து ஐந்து நிமிடம் எழும்பி நடந்தால் ஒன்றும் கெட்டுப்போகாது. பின்னேரம் மரின் டிரைவில் அரை மணித்தியாலம் வேகமாக நடந்துவிட்டு வந்த பிள்ளை, நடக்காத பிள்ளையைவிட நன்றாக இருந்து எழுதுவதை நாங்கள் கண்டிருக்கிறோம்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். பக்கத்தில் ஒரு ஆள் சும்மா இருந்தாலே இந்தப் பிள்ளைகள் பலருக்கு வேலை ஓடும். படிப்பிக்கத் தேவையில்லை, மேற்பார்வையும் தேவையில்லை. அம்மா அதே மேசையில் இருந்து மரக்கறி வெட்டினால் போதும். ஏன் என்று எங்களுக்கு முழுதாக விளக்கத் தெரியாது, வீட்டில் செய்து பார்த்தால் தெரியும்.

வைத்தியரிடம் போவது பற்றி. இதில்தான் எங்கள் ஆட்கள் நின்றுவிடுகிறார்கள். "மண்டைப் பிழையெண்டு சொல்லுவினம், நாளைக்குக் கலியாணம் பேசேக்க என்ன செய்யிறது?" என்று ஒரு தாய் எங்களிடம் கேட்டார். அவரைக் குறைசொல்ல எங்களுக்கு மனமில்லை, அந்தப் பயம் வெறுங்கற்பனை இல்லை. ஆனால் பெயர் வைக்காமல் விட்டால் பிள்ளை தனக்குத்தானே ஒரு பெயர் வைத்துக்கொள்ளும். எங்கள் தோழி முப்பது வருடம் தனக்கு வைத்திருந்த பெயர் 'மக்கு'.

முதலில் குடும்ப வைத்தியரிடம் போங்கள். கண், காது, இரத்தச்சோகை, தைரொயிட், நித்திரை எல்லாம் பார்க்கவேண்டும். இவையும் கவனத்தைக் கெடுக்கும். பிறகு சிறுவர் உளமருத்துவர். பொரளை சீமாட்டி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் அதற்கான பிரிவு இருக்கிறது. எங்கே போவது என்றே தெரியாவிட்டால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எடுத்துக் கேட்கலாம். இரத்தப் பரிசோதனை ஒன்றால் இதைக் கண்டுபிடிக்க முடியாது. அடையாளங்கள் பன்னிரண்டு வயதுக்கு முன்னரே இருந்தனவா, ஆறு மாதத்துக்குக் குறையாமல் நீடித்தனவா, வீட்டிலும் பாடசாலையிலும் தெரிகின்றனவா என்று கேட்டுத்தான் முடிவு செய்வார்கள். பழைய ரிப்போட்டுகளைக் கொண்டுபோங்கள். நாங்கள் திட்டுவதற்கு வைத்திருந்த வசனங்கள் அங்கே பயன்படும்.

எல்லாக் கவனக்குறைவும் இதுவல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிடவேண்டும். 2019 உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் குண்டு வெடித்தபின், கொட்டாஞ்சேனைப் பிள்ளைகள் சிலர் மாதக்கணக்காகச் சத்தம் கேட்டால் திடுக்கிட்டார்கள், படிப்பில் மனம் நிற்கவில்லை. அது பயம். 2020இல் பாடசாலைகள் பூட்டி, 2022இல் ஒருநாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லாமல் போய், நித்திரையும் நேரமும் குழம்பிய பிள்ளைகளும் உண்டு. ஒரு பிள்ளை பத்து வயதுவரை நன்றாக இருந்து திடீரென்று மாறியிருந்தால், அந்த வருடம் என்ன நடந்தது என்று முதலில் கேளுங்கள். இணையத்தில் இரண்டு நிமிட வீடியோ பார்த்துவிட்டுத் தாங்களே பெயர் வைத்துக்கொள்ளும் தங்கைமாருக்கும் இது சேரும்.

மருந்து. 1944இல் சுவிட்சர்லாந்தில் லியாண்ட்ரோ பனிசோன் என்ற இரசாயனவியலாளர் மெதில்பெனிடேற் என்ற பொருளைத் தயாரித்தார். அவருடைய மனைவி மார்கரீட்டின் செல்லப்பெயர் ரீட்டா. அந்தப் பெயரிலிருந்துதான் றிட்டலின் வந்தது. ஒரு பெண்ணின் பெயரைத் தாங்கிய குளிசை பெரும்பாலும் ஆண்பிள்ளைகளுக்கே போய்ச் சேர்ந்தது எங்களுக்கு வேடிக்கையாகத் தெரிகிறது. இது எல்லோருக்கும் தேவைப்படாது. தேவைப்படுபவர்களில் பலருக்கு நன்றாக வேலை செய்யும். சாதாரணக் குளிசையின் பலன் நான்கு மணித்தியாலமளவில் தீர்ந்துவிடும். பசி குறையலாம், இரவு நித்திரை பிந்தலாம். ஆகவே நிறை, உயரம், இரத்த அழுத்தம் மூன்றையும் வைத்தியர் தொடர்ந்து பார்ப்பார். வைத்தியர் எழுதித் தராமல் வாங்கக்கூடாது. பரீட்சைக் காலத்தில் சிநேகிதியின் குளிசையை வாங்கிப் போடுவது கூடவே கூடாது, இதைச் சிரித்துக்கொண்டு கேட்கும் பின்வரிசைக்குத்தான் சொல்கிறோம்.

க.பொ.த. பரீட்சைகளில் விசேட தேவையுள்ளோருக்கு மேலதிக நேரம் கேட்டு, வைத்திய அறிக்கையோடு அதிபர் ஊடாகப் பரீட்சைத் திணைக்களத்துக்கு விண்ணப்பிக்கலாம். கடைசி மாதத்தில் ஓடித்திரியாமல் தரம் 10இலேயே அதிபரோடு பேசுங்கள்.

மாணவத் தலைவிகளிடம் தனியாக ஒரு வார்த்தை. நீங்கள் இப்போது வாசலில் கொப்பி வைத்திருக்கிறீர்களா, ரப்லட் வைத்திருக்கிறீர்களா தெரியாது. ஒரே பெயர் ஒரு மாதத்தில் ஐந்தாம் தடவை வந்தால், அந்தப் பக்கத்தைத் தண்டனைக்கு அனுப்பாமல் வகுப்பாசிரியையிடம் காட்டுங்கள். அந்தப் பிள்ளையிடம் "ஏன்?" என்று கேட்கவேண்டாம். "காலையில எந்த இடத்தில மாட்டுப்படுகிறாய்?" என்று கேளுங்கள். குளியலறையிலா, காலுறை தேடுவதிலா, வாசற்படியிலா? அதற்குப் பதில் சொல்ல அவளால் முடியும். எங்கள் தோழியிடம் முப்பது வருடம் பிந்தி இதைக் கேட்டோம். "சப்பாத்து" என்றாள். ஒரு சப்பாத்து எப்போதும் கட்டிலுக்குக் கீழே இருந்ததாம்.

அவளிடம் மன்னிப்புக் கேட்டோமா என்று இந்த உரையை முதலில் வாசித்துப் பார்த்த ரீச்சர் ஒருவர் கேட்டார். கேட்டோம். "நீங்களும் பிள்ளைகள்தானே" என்று எழுதினாள். பிறகு, "ஆனா அந்தப் பட்டப்பெயரை இனிச் சொல்லாதேங்கோ" என்றும் எழுதினாள். மகள் இப்போது உயர்கல்வி படிக்கிறாள். இவளும் நாற்பத்தெட்டு வயதில் வைத்தியரிடம் போய்ச் சிகிச்சை தொடங்கி, பகுதிநேரமாக ஒரு கணக்கியல் வகுப்பு எடுக்கிறாள். இரண்டு பரீட்சை பாஸ், ஒன்று மறுமுறை.

கடைசியாக ஒரு அறிவித்தல். அடுத்த தவணையிலிருந்து சனிக்கிழமை காலை 9 மணி முதல் 11.30 வரை நூலகத்துக்குப் பக்கத்து அறையை அதிபர் எங்களுக்குத் தந்திருக்கிறார். யாரும் படிப்பிக்கமாட்டோம், காசு இல்லை, பெயர்ப்பதிவும் இல்லை. முடியாமல் கிடக்கும் வீட்டுவேலையோடு எந்தப் பிள்ளையும் வந்து இருக்கலாம். பழைய மாணவிகள் பக்கத்து மேசைகளில் இருந்து தங்கள் வேலையைச் செய்துகொண்டிருப்போம், பின்னல், கணக்கு, கடிதம், எதுவானாலும். எத்தனை மணிக்கு வந்தாலும் உள்ளே வரலாம். வெளிநாட்டில் இருப்பவர்கள் திரை வழியாக வந்து இருக்கவும் ஒழுங்கு செய்கிறோம். முதல் சனிக்கிழமையை ஸ்காபரோக்காரி கேட்டு வாங்கிவிட்டாள். அங்கே அப்போது வெள்ளி இரவு பதினொன்றரை மணி. மூன்று அலாரம் வைத்திருக்கிறாளாம்.